நீதிபதியும் வாக்குச்சீட்டும்



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை முன்சீப் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் கழித்து, மேல்நீதிமன்றப் படிகளை அபூர்வமாகவே மிதித்த ஒரு மொபஸல் வழக்கறிஞர் என்பதையும், ஆண்டுதோறும் இங்கே நிகழும் சொற்பொழிவு ஏதேனும் ஒருவகையில் கீழ்நீதிமன்றங்களைப் பற்றியதாகவே இருத்தல் வேண்டும் என்று அவர் தம் சாசனத்தில் எழுதிவைத்தார் என்பதையும் செயலாளரின் கடிதத்தால் அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று. சட்டத்தைப் பற்றிப் பேச அழைக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் அரசியல் சாசனத்திலும் உச்ச நீதிமன்றத்திலுமே சஞ்சரிப்பார்கள். ஆனால் நம் நாட்டிலாயினும் பிற நாட்டிலாயினும், ஒரு சாமானிய மனிதன் நீதி என்ற ஒன்றை நேருக்கு நேர் காண்பது, வரப்புத் தகராற்றிலோ, விவாகரத்திலோ, கடன் பத்திரத்திலோ, அடிதடி வழக்கிலோ சிக்கி, தன் ஊருக்கு அணித்தான விசாரணை நீதிமன்றத்தின் வாயிலில் பெயர் கூப்பிடப்படும்வரை காத்து நிற்கும் அந்த வேளையில்தான். அவனுக்கு அந்த நீதிபதியே சட்டம். மேலே உள்ளவையெல்லாம் கேள்விப்படும் செய்தி.

ஆகவே, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு மாவட்டத்து விசாரணை நீதிபதி எவ்வாறு பதவிக்கு வருகிறார், பதவிக்கு வந்தபின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் ஊர் மக்களின் வாக்குக்கு எவ்வாறு ஆட்படுகிறார், அதனால் நீதிக்கு விளைந்தது என்ன என்பதையே இன்று பேசுபொருளாகக் கொண்டேன். நம் அரசியல் சாசனத்தின் 233-ஆம் பிரிவு மாவட்ட நீதிபதியை உயர் நீதிமன்றத்தைக் கலந்து ஆளுநர் நியமிக்க வேண்டும் என்கிறது. 235-ஆம் பிரிவு கீழ்நீதிமன்றங்களை உயர் நீதிமன்றத்தின் ஆதீனத்தில் வைக்கிறது. இந்த ஏற்பாட்டில் பழகிய நமக்கு, நீதிபதியின் பெயரை வாக்குச்சீட்டில் அச்சிட்டுப் பொதுஜனங்களிடம் கொடுப்பது விசித்திரமாகவே தோன்றும். அதை இங்கே கொண்டுவர வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. வேறொரு தேசத்தார் நேர்மையான காரணங்களுக்காகச் செய்து பார்த்த ஒரு பரீக்ஷையின் பலனை அறிந்துகொள்வதில் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்பதே என் எண்ணம்.

அமெரிக்க மாநிலங்களில் நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுப்பது என்னும் வழக்கம், ஆண்ட்ரூ ஜாக்ஸன் காலத்து ஜனநாயக வேகத்தில் பிறந்தது. 1832-இல் மிஸிஸிப்பி மாநிலம் தன் நீதிபதிகள் அனைவரையும் தேர்தலுக்கு உட்படுத்தியது. 1846-இல் நியூயார்க் அவ்வழியே சென்றது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல மாநிலங்கள் சென்றன. பதவியைத் தனவந்தர்களும் கவர்னர்களின் நண்பர்களும் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் அக்கிரமத்தை ஒழிப்பதே அன்றைய நோக்கம். ஆனால் தேர்தல் என்றால் கட்சி. கட்சி என்றால் அதை நடத்தும் தலைவர். தலைவர் என்றால் அவருக்குக் கடமைப்பட்டவர்கள் என்று அது படிப்படியாக வளர்ந்து, கவர்னரின் வாசலில் காத்து நின்றவர்கள் கட்சித் தலைவரின் வாசலில் காத்து நிற்கத் தொடங்கினார்கள். ராஸ்கோ பவுண்டு என்னும் சட்ட அறிஞர் 1906-இல் செயிண்ட் பால் நகரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவில், பொதுமக்கள் நீதிபரிபாலனத்தின்மீது கொண்ட அதிருப்திக்குக் காரணங்களை ஆராய்ந்து, அவற்றுள் நீதிபதிகளை அரசியலுக்குள் இழுத்த இவ்வழக்கத்தையும் சேர்த்துச் சொன்னபோது, கேட்டிருந்த வக்கீல்களில் பலர் கொதித்தெழுந்தார்கள் என்பது சட்ட சரித்திரத்தில் பிரசித்தமான செய்தி.

1914-ஆம் ஆண்டையொட்டி ஆல்பர்ட் கேல்ஸ் என்னும் பேராசிரியர் ஒரு நடுவழியை எடுத்துரைத்தார். தகுதியுடையவர்களைப் பொறுக்கியெடுப்பது அறிந்தவர்களின் வேலை. பதவியில் இருப்பவர் நீடிக்கலாமா கூடாதா என்று சொல்வது மக்களின் உரிமை. எதிர்த்துப் போட்டியிடுபவர் எவரும் வேண்டா. கட்சிப் பெயரும் வேண்டா. கலிபோர்னியா 1934-இல் இதன் ஒரு பகுதியைக் கைக்கொண்டது. முழு உருவத்தையும் முதலில் ஏற்றது மிஸௌரி. கான்ஸாஸ் நகரத்தைத் தம் கைப்பொம்மையாக வைத்திருந்த டாம் பெண்டர்காஸ்ட் என்னும் கட்சித் தலைவர் வருமான வரிக் குற்றத்துக்காக 1939-இல் சிறைக்குச் சென்றார். மறு ஆண்டிலேயே அம்மாநிலத்து வாக்காளர்கள் தாமே விண்ணப்பம் செய்து நடத்திய வாக்கெடுப்பில் இப்புதிய திட்டம் சட்டமாயிற்று. 1942-இல், கான்ஸாஸ் நகரம் அடங்கிய ஆட்சிப் பகுதியான ஜாக்ஸன் கவுண்டியின் வட்ட நீதிபதி ஒருவர் ‘இல்லை’ வாக்குகளால் பதவி இழந்தார். ஆகவே, தொடக்கத்தில் இத்திட்டத்துக்குப் பல் இருந்தது என்பதில் ஐயமில்லை.

நான் விரிவாகப் பேச விரும்புவது மிஸௌரிக்கு வடக்கே உள்ள அயோவா மாநிலத்தைப் பற்றி. மக்காச்சோள வயல்களும் சிற்றூர்களும் மிகுந்த அம்மாநிலம், 1857-ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி நூறாண்டுக்குமேல் நீதிபதிகளைத் தேர்தலில் தேர்ந்தெடுத்துவிட்டு, 1962-இல் சாசனத்தைத் திருத்தி மிஸௌரியின் வழிக்கு வந்தது. அங்கே விசாரணை நீதிமன்றங்களுக்கு மாவட்ட நீதிமன்றம் என்றே பெயர். அம்மன்றத்தில் ஓர் இடம் காலியானால், வழக்கறிஞர்கள் தெரிந்தெடுத்த ஐவரும் கவர்னர் நியமித்த ஐவரும் மூத்த மாவட்ட நீதிபதியின் தலைமையில் கூடி, விண்ணப்பித்த வழக்கறிஞர்களை நேரில் அழைத்து விசாரித்து, இரண்டு பெயர்களைக் கவர்னருக்கு அனுப்ப வேண்டும் என்பதே அன்று ஏற்பட்ட முறை. அவர் முப்பது நாட்களுக்குள் அவர்களுள் ஒருவரை நியமிக்க வேண்டும். நியமிக்கத் தவறினால் அந்த அதிகாரம் தலைமை நீதிபதியைச் சாரும். நியமனம் பெற்றவர் குறைந்தது ஓராண்டு பணியாற்றியபின் வரும் பொதுத் தேர்தலில், அவர் நீதி வழங்கும் கவுண்டிகளின் வாக்காளர் முன் அவர் பெயர் வைக்கப்படும். பெரும்பான்மையோர் ‘ஆம்’ என்றால் ஆறாண்டுப் பதவி. ஆறாண்டு கழிந்து மறுபடி அதே வினா. எழுபத்திரண்டு வயதில் ஓய்வு. ஒரு மாவட்ட நீதிபதியின் ஜீவிய சரித்திரத்தில் வெளியுலகம் அறியக்கூடிய சம்பவங்கள் இவ்வளவே.

அவருடைய அன்றாட வாழ்வோ கொலை வழக்கிலிருந்து கோழிப்பண்ணைக் கடன் வரையில் பரந்தது. ஒரு நாள் பன்னிரண்டு ஜூரிகளை வைத்துக்கொண்டு குற்ற விசாரணை. மறுநாள் எட்டு ஜூரிகளோடு சிவில் வழக்கு. அதற்கு அடுத்த நாள் ஜூரிகள் ஒருவரும் இன்றி, பிரிந்துபோகும் தம்பதிகளின் குழந்தை எவரிடம் வளர வேண்டும் என்று தாமே தனியாக முடிவு செய்யும் பாரம். ஒரு கவுண்டியின் மன்றத்தில் காலையில் உட்கார்ந்துவிட்டு அடுத்த கவுண்டிக்குக் காரோட்டிக்கொண்டு செல்லும் நீதிபதிகளும் உண்டு. அவர் எழுதும் தீர்ப்புகளில் மிகச் சிலவே மேல்முறையீட்டுக்குப் போகும். அவற்றினும் சிலவே அச்சேறும். மற்றவை கோப்புகளுக்குள் உறங்கும். ஆயினும் சில சந்தர்ப்பங்களில் இப்படிப்பட்ட ஒரு மூலை நீதிமன்றத்திலிருந்துதான் தேசம் முழுவதுக்கும் ஒரு புதிய வழி திறக்கிறது. 1869-இல் இதே அயோவாவில், மவுண்ட் பிளெஸண்ட் என்னும் சிற்றூரில், பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கர் என்னும் மாவட்ட நீதிபதி, ஆண் என்று எழுதப்பட்டிருந்த சட்டத்தைப் பெண்ணுக்கும் பொருந்துவதாகக் கொண்டு, அரபெல்லா மான்ஸ்ஃபீல்ட் என்னும் அம்மையாரை வழக்கறிஞராக ஏற்றார். அமெரிக்காவின் முதல் பெண் வழக்கறிஞர் அவ்வாறு உண்டானார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் செய்யத் துணியாததை ஒரு சிற்றூர் நீதிபதி செய்தார் என்பதை, இங்கே அமர்ந்திருக்கும் மாணவியரின் பொருட்டே சொல்லி வைத்தேன்.

இப்போது வாக்குச்சீட்டுக்கு வருவோம். அதில் ஜனாதிபதி முதல் கவுண்டி அலுவலர் வரை எல்லாப் பதவிகளுக்கும் கட்சிப் பெயரோடு வேட்பாளர்கள் நிரம்பியிருப்பார்கள். அவற்றின் பின்னே, கட்சிப் பெயரின்றி, இன்ன நீதிபதி பதவியில் நீடிக்கலாமா என்னும் கேள்வியும், ‘ஆம்’ ‘இல்லை’ என்ற இரண்டு இடங்களும் இருக்கும். எதிராளி இல்லாத தேர்தல் அது. தம் கட்சிக்கு வாக்களித்த களைப்பில் ஒரு பகுதியினர் அந்தப் பக்கத்தைத் தொடாமலே விட்டுவிடுவார்கள். இன்னொரு பகுதியினர் எல்லாப் பெயர்களுக்கும் ‘ஆம்’ இடுவார்கள். அதிகாரிகள் எவரையும் வெறுப்பவர்கள் எல்லாருக்கும் ‘இல்லை’ இடுவார்கள். அறிந்து வாக்களிக்க விரும்புவோர்க்கு உதவியாக அயோவா வழக்கறிஞர் சங்கம், தன் உறுப்பினர்கள் ஒவ்வொரு நீதிபதியையும் பற்றிக் கொண்ட அபிப்பிராயத்தைத் தேர்தலுக்கு முன் வெளியிடுவது வழக்கம். சாதாரண ஆண்டுகளில் நூற்றுக்கு எழுபதுக்குமேல் ‘ஆம்’ பெற்று நீதிபதிகள் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இந்த அமைதி மக்களின் நம்பிக்கையா, அல்லது வெறும் அசிரத்தையா என்பதை அமைதி குலைந்த ஆண்டுகளைக் கொண்டுதான் அறிய முடியும்.

அவ்வமைதி ஒருமுறை குலைந்தது 2003-இல், மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், மிஸௌரி ஆற்றங்கரையில் உள்ள ஸூ நகரத்தில். ஜெஃப்ரி நியரி என்னும் மாவட்ட நீதிபதியின் முன் ஒரு பிரிவினை விண்ணப்பம் வந்தது. விண்ணப்பித்த இருவரும் பெண்கள். வெர்மாண்ட் மாநிலத்தின் சட்டப்படி அங்கே சென்று கூட்டுவாழ்வு ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள். அதைச் செய்துகொள்ள வெர்மாண்டில் குடியிருக்க வேண்டுவதில்லை. கலைத்துக்கொள்ள மட்டும் ஓராண்டு அங்கே குடியிருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் விசித்திரம். ஆகையால், மனம் ஒத்துப் பிரிய விரும்பிய இருவர் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு பந்தத்தில் சிக்கிக்கொண்டனர். நியரி அவர்களைப் பிரித்து ஆணையிட்டார். செய்தி பரவியது, பெருங் கூச்சல் எழுந்தது. அயோவாவில் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி விவாகம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே மட்டுமே செல்லும் என்று இருக்க, இவர் எப்படி விவாகரத்து வழங்கினார் என்று கேட்டார்கள். அவர் தம் ஆணையைத் திருத்தி, விவாகம் என்ற பெயரை விலக்கி, ஒப்பந்தம் முடிந்தது என்றும் இருவரின் உரிமைகள் இவை என்றும் மட்டும் எழுதினார். அப்போதும் சட்டசபை உறுப்பினர் சிலரும், அப்பகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் ஸ்டீவ் கிங்கும் மேல்நீதிமன்றம் சென்றார்கள். பிறர் பிரிவினால் உங்களுக்கு நேர்ந்த நஷ்டம் ஒன்றும் இல்லை, எனவே வழக்காட உங்களுக்கு அருகதை இல்லை என்று அயோவா உச்ச நீதிமன்றம் 2005-இல் தள்ளிவிட்டது.

அதற்குள் 2004 நவம்பர்த் தேர்தல் வந்து போயிற்று. பதவிக்கு வந்து நெடுங்காலம் ஆகாத நியரியின் பெயர் அன்றைய சீட்டில் இருந்தது. ‘இல்லை’ என்று போடுங்கள் என்று ஊர்தோறும் பிரசாரம் நடந்தது. காலமும் அவருக்கு அநுகூலமானதன்று. அதே நாளில் பதினொரு மாநிலங்கள் ஒருபால் விவாகத்தைத் தடுக்கும் சாசனத் திருத்தங்களை நிறைவேற்றின. அவருடைய மாவட்டப் பகுதியோ, ஹாலந்திலிருந்து குடியேறிய வைதிகக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் திருச்சபையைச் சூழ்ந்து வாழும் ஸூ கவுண்டியையும் உட்கொண்டது. ஆயினும் அவர் பதவி இழக்கவில்லை. மற்ற நீதிபதிகளைவிடக் குறைவான ஆதரவுதான். ஆனால் பெரும்பான்மை அவர் பக்கமே நின்றது. அவருடைய ஆணையை மனத்தளவில் ஒப்பாத பல்லாயிரம் பேர் ‘ஆம்’ என்று போட்டிருந்தாலன்றி இது நடந்திராது என்பது என் ஊகம். ஏன் போட்டார்கள்? அந்த மனிதரை அவர்கள் அறிவார்கள். அவர் முன் ஜூரியாக உட்கார்ந்தவர்கள், தங்கை மகனின் வழக்கை அவர் விசாரித்த விதத்தைப் பார்த்தவர்கள், அவர் வழக்கறிஞராக இருந்தபோது அவரிடம் பத்திரம் எழுதிக்கொண்டவர்கள் அந்தக் கவுண்டிகளில் இருந்திருப்பார்கள். ஒரு தீர்ப்பைக் கண்டித்துக்கொண்டே அத்தீர்ப்பைத் தந்தவரை ஏற்றுக்கொள்வதற்கு அவரைப் பற்றி வேறு நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது சந்தர்ப்பம் தலைநகரில் நேர்ந்தது. 2005 டிசம்பரில் ஆறு ஒருபால் ஜோடிகள் தமக்கு விவாக அநுமதி மறுக்கப்பட்டதை எதிர்த்து டி மாயின் நகரம் அடங்கிய போக் கவுண்டியில் வழக்குத் தொடுத்தனர். ராபர்ட் ஹான்ஸன் என்னும் மாவட்ட நீதிபதி, 2007 ஆகஸ்டு 30-ஆம் நாள், 1998-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலச் சாசனத்துக்கு முரணானது என்று விரிவாக எழுதித் தீர்ப்பளித்தார். மறுநாள் காலையிலேயே பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம் கூடியது. ஹான்ஸன் தாமே, மேல்முறையீடு முடியும்வரை தம் தீர்ப்பை நிறுத்தி வைத்து ஆணையிடுவதற்குள் ஒரே ஒரு ஜோடி மட்டும் விவாகம் செய்து முடித்துவிட்டது. தம் கருத்தில் உறுதியும், அது மேலே பரிசீலிக்கப்படும்வரை பிறர்க்கு இடையூறு வேண்டா என்னும் நிதானமும் ஒரே மனிதரிடத்தில், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் வெளிப்பட்ட இந்நிகழ்ச்சியை, கீழ்நீதிமன்ற நீதிபதியின் லட்சணத்துக்கு உதாரணமாக நான் என் மாணவர்களிடம் சொல்வதுண்டு. 2009 ஏப்ரல் 3-ஆம் நாள் அயோவா உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக ஹான்ஸன் சொன்னதே சரி என்றார்கள். தீர்ப்பை எழுதியவர் மார்க் கேடி.

2010 நவம்பர் 2-ஆம் நாள் வந்த தேர்தலில் அவ்வெழுவரில் மூவரின் பெயர்கள் மாநிலம் முழுவதும் இருந்தன: தலைமை நீதிபதி மார்ஷா டெர்னஸ், மைக்கேல் ஸ்டிரைட், டேவிட் பேக்கர். அதே நாளில் போக் கவுண்டிச் சீட்டில் ஹான்ஸன் பெயரும், மேற்கே ஆறாண்டு முடிந்து மறுபடி வந்த நியரியின் பெயரும் இருந்தன. வெளிமாநிலச் சங்கங்களின் பணம் அயோவாவுக்குள் பாய்ந்தது. பாப் வாண்டர் பிளாட்ஸ் என்னும் அரசியல்வாதி அம்மூவரை நீக்கும் இயக்கத்துக்குத் தலைமை வகித்தார். ‘இல்லை’ என்று போடச் சொல்லி ஒரு பேருந்து ஊர் ஊராகச் சுற்றியது. மூன்று நீதிபதிகளும் நிதி திரட்டவில்லை. வாக்குக் கேட்டு மேடை ஏறவில்லை. நீதிபதி வாக்குக் கேட்கத் தொடங்கினால் திட்டத்தின் உயிரே போய்விடும் என்பது அவர்கள் கொள்கை. நூற்றுக்கு ஏறத்தாழ 54 பேர் ‘இல்லை’ என்றார்கள். மூவரும் பதவி இழந்தார்கள். 1962-க்குப்பின் அயோவா உச்ச நீதிமன்றத்தில் அவ்வாறு நேர்ந்தது அதுவே முதல் தடவை.

ஹான்ஸன் பதவியில் நீடித்தார். நியரியும் நீடித்தார்.

குற்றம் என்று மக்கள் கருதியதை முதலில் செய்தவர் ஹான்ஸன்; மூவரும் செய்தது அவரை ஆமோதித்தது மட்டுமே. அப்படியிருக்க, ஆமோதித்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். செய்தவர் மறுநாள் காலை தம் மன்றத்தில் வந்து உட்கார்ந்தார். தலைநகரத்துக் கவுண்டி சற்று முற்போக்கானது என்று காரணம் சொல்வோர் உண்டு, அது உண்மையே. ஆனால் நியரியின் கவுண்டிகளுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. பிரசாரம் மேலே இருந்தவர்களைக் குறிவைத்ததால் கீழே இருந்தவர்கள் தப்பினார்கள் என்றும் சொல்வார்கள். 2004-இல் பிரசாரம் முழுவதும் நியரி ஒருவரையே குறிவைத்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். தொண்ணூற்றொன்பது கவுண்டிகளில் பரந்து கிடக்கும் வாக்காளர்களுக்கு டெர்னஸ் என்பவர் ஒரு தீர்ப்பின் பெயர்; தன் ஊர் நீதிமன்றத்துக்குப் போய்வந்த ஒருவனுக்கு நியரி என்பவர் ஒரு மனிதர். இரண்டுக்கும் ஒரே வினாவைக் கேட்டால் ஒரே விதமான விடை எப்படிக் கிடைக்கும்?

நடந்த அநீதியால் ஏதேனும் பலன் உண்டாயிற்றா என்றால், அதுவும் இல்லை. டெர்னஸை 1993-இல் நியமித்த கவர்னர் டெர்ரி பிரான்ஸ்டட், அவர் பதவி இழந்த அதே தேர்தலில் மறுபடி கவர்னராக வந்து, காலியான மூன்று இடங்களையும் பழைய முறைப்படியே மாநிலப் பரிந்துரைக் குழு அனுப்பிய பெயர்களிலிருந்தே 2011-இல் நிரப்பினார். தீர்ப்பு அப்படியே நின்றது. பதவி இழந்த மூவருக்கும் 2012-இல் கென்னடி நினைவாக அளிக்கப்படும் துணிவுக்கான விருது கிடைத்தது. தீர்ப்பை எழுதிய கேடி 2016-இல் மக்கள் முன் வந்தபோது, ஆரவாரம் அடங்கிவிட்டிருந்தது, பெரும்பான்மையோடு நீடித்தார். ஒரே செயலுக்கு 2010-இல் வந்தால் தண்டனை, 2016-இல் வந்தால் மன்னிப்பு என்றால், தீர்மானித்தது நீதிபதியின் தகுதியன்று, பஞ்சாங்கம்.

இனி, அறிமுகம் இல்லாத இடத்தில் இவ்வாக்கெடுப்பு என்ன ஆகிறது என்பதற்குச் சிகாகோ நகரம் அடங்கிய குக் கவுண்டியைப் பார்த்தால் போதும். ஐம்பது லட்சம் மக்கள் வாழும் அந்தக் கவுண்டியில் ஒரே தேர்தலில் ஐம்பது அறுபது நீதிபதிகளின் பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வொருவரும் நூற்றுக்கு அறுபது ‘ஆம்’ பெற வேண்டும் என்பது இல்லினாய் மாநிலத்தின் விதி. கேட்பதற்குக் கடுமையான விதி. ஆனால் 1990-க்குப்பின், 2018 தேர்தல் வரும்வரையில், அங்கே ஒரு நீதிபதியும் தோற்றதில்லை. அதற்கு முன் 1980-களின் தொடக்கத்தில், பணம் வாங்கிக்கொண்டு வழக்குகளை முடித்துக்கொடுத்த ஒரு பெருங் கூட்டத்தை மத்திய புலனாய்வுத் துறை பொய் வழக்குகளை ஜோடித்தும், நீதிபதியின் அறைக்குள் ஒலிப்பதிவுக் கருவியை ஒளித்து வைத்தும் பிடித்தது. கிரேலார்டு என்னும் பெயர் கொண்ட அந்த நடவடிக்கையின் முடிவில் பதினைந்து நீதிபதிகள் தண்டிக்கப்பட்டார்கள். அந்த ஊழல் வேரூன்றித் தழைத்த காலத்திலெல்லாம் நீடிப்பு வாக்கெடுப்பும் ஒழுங்காக நடந்துகொண்டுதான் இருந்தது. மக்களின் காவல் என்று நாம் நினைத்த நாய், திருடன் உள்ளே புகுந்தபோது குரைக்கவே இல்லை. நீதிபதிகளை எவரும் அறியாத ஊரில் நல்லவரும் தப்புவார், கள்வரும் தப்புவார். இருவருக்கும் அடைக்கலம் ஒரே இருட்டு.

அறிவைப் பரப்பினால் இக்குறை தீருமா? தீர்க்க முயன்றவர்களில் அலாஸ்கா மாநிலத்தாரே முன்னோடிகள். 1970-களின் நடுவிலிருந்து அங்கே நீதிமன்றக் கவுன்ஸில் என்னும் அமைப்பு, பதவி நீடிப்பு வேண்டி நிற்கும் ஒவ்வொரு நீதிபதியைப் பற்றியும், அவர் முன் வாதாடிய வக்கீல்கள், சாட்சி சொன்ன போலீஸார், குழந்தைகள் நலம் காக்கும் சமூகப் பணியாளர், நீதிமன்ற ஊழியர், ஜூரிகளாக உட்கார்ந்த சாமானிய மக்கள் ஆகிய எல்லாரையும் விசாரித்து, அவர் பொறுமையுள்ளவரா, பாரபட்சமற்றவரா, தீர்ப்பைத் தாமதம் செய்கிறவரா என்பதையெல்லாம் தொகுத்து, வாக்காளர்க்கு அரசாங்கம் அனுப்பும் தேர்தல் கையேட்டிலேயே அச்சிட்டுத் தருகிறது. ஜூரியின் வாக்கையும் குமாஸ்தாவின் வாக்கையும் கேட்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது. நீதிபதி வக்கீலிடம் எவ்வாறு பேசுகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். குமாஸ்தாவிடம் எவ்வாறு பேசுகிறார் என்பதில்தான் அவருடைய சுபாவம் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் 2018-இல் அங்கே ஒரு விபரீதம் நேர்ந்தது. ஆங்கரேஜ் நகரத்தில், ஒரு பெண்ணை மூர்ச்சையடையும்வரை கழுத்தை நெரித்து இழிவு செய்தவனுக்கு, அரசு வழக்கறிஞரும் எதிரியும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, மேற்கொண்டு சிறைவாசம் இல்லாத தண்டனை கிடைத்தது. அவன் செய்த இழிசெயலை அன்றைய அலாஸ்கா சட்டம் பாலியல் குற்றமாகவே வகைப்படுத்தியிருக்கவில்லை. ஊர் கொதித்தது, கொதித்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கோபம், உடன்பாட்டை ஏற்று ஆணையிட்ட நீதிபதி மைக்கேல் கோரியின்மேல் சென்று விழுந்தது. கவுன்ஸில் அவர் நீடிக்கலாம் என்று பரிந்துரைத்திருந்தும், நவம்பரில் மக்கள் ‘இல்லை’ என்றார்கள். குறை சட்டத்தில் இருந்தது. மறு ஆண்டு சட்டசபை அதைத் திருத்தியது. நீதிபதி திரும்பி வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததை நினைக்கும்போது வாக்காளரைக் கடிந்துகொள்ள என் நா எழவில்லை. ஆனாலும், தண்டிக்கப்பட வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

நீதிபதியை மக்களின் வாக்குக்கு உட்படுத்துவதே பிழை, உத்தியோகத்துக்கு வந்தவர் ஒழுங்காக நடக்கும்வரை இருக்கட்டும், தவறினால் விசாரித்து நீக்கட்டும் என்று வாதிப்பவர்கள் உண்டு. நம் நாட்டு நியாயவாதிகள் அநேகமாக அக்கட்சியினரே. மேல்நீதிமன்றங்களைப் பொறுத்தவரை அவர்களோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். மாவட்ட நீதிபதியைப் பற்றி மட்டும் என் எண்ணம் வேறு. லஞ்சம் வாங்கினால் நீக்குவதற்கு விதி இருக்கிறது. ஆனால் லஞ்சம் வாங்காமலே, ஏழைச் சாட்சியை அதட்டி, வழக்கை வாய்தாமேல் வாய்தாவாக இழுத்து, பெண் வழக்கறிஞரை ஏளனம் செய்து, முப்பது ஆண்டுக் காலம் ஓர் ஊரையே துன்புறுத்தி ஓய்வுபெறும் நீதிபதியை அவ்விதியால் நீக்குவது அரிது. அப்படிப்பட்டவருடைய தீர்ப்புகள் மேல்முறையீட்டில் பிழையின்றி நிற்கவும் கூடும். அவரை அறிந்தவர்கள் அவர் முன் நின்றவர்கள் மட்டுமே. ஆறாண்டுக்கு ஒருமுறை அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது நியாயமே.

ஆகவே என் அபிப்பிராயம் இது. அயோவாவில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மாநிலம் முழுவதும் வாக்குக்கு வைக்கும் வழக்கத்தைக் கைவிடுவதே உசிதம். அங்கே அது நீதிபதியை அளப்பதில்லை, அந்த ஆண்டின் கோபத்தையே அளக்கிறது. குக் கவுண்டியைப் போன்ற இடங்களில் தொகுதியைச் சிறிதாகப் பிரித்து, ஒரு வாக்காளர் முன் ஐந்தாறு பெயர்களுக்குமேல் வராதபடி செய்தாலொழிய அது வெறும் சடங்கு. சிறு கவுண்டிகளின் மாவட்ட நீதிபதிகளுக்கு அது இருக்கட்டும். ஆனால் வழக்கறிஞர் சங்கத்தின் மதிப்பெண்ணோடு நில்லாமல், அலாஸ்காவில் போல ஜூரிகளும் ஊழியர்களும் சொன்னது அச்சாகி வாக்காளர் கையில் முன்கூட்டியே சேர வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் வந்த ஒரே ஒரு தீர்ப்பைக் கொண்டு ஒருவரை நீக்க முற்படும் வாக்காளர், அந்த அறிக்கையின் இரண்டு பக்கங்களைப் படித்துவிட்டாவது நீக்கட்டும்.